பி.டி. வாத்தியார் வாங்கிக் கொடுத்த 2 தங்கம்: யார் இந்த சையத் அப்துல் ரஹீம்?

கழுகுமலையில் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மலை அடிவாரப் பக்கம் பந்து உதைக்கும் பசங்களைப் பார்க்கலாம். பாதிப் பேர் முதுகில் 10-ம் நம்பரும் மெஸ்ஸி பெயரும் இருக்கும். 2022-ல் அர்ஜென்டினா உலகக் கோப்பையை ஜெயித்தபோது அணிக்குப் பயிற்சியாளர் யார்னு கேட்டால், லயோனல் ஸ்கலோனின்னு டக்குன்னு பதில் வரும். சரி, இந்தியாவுக்குக் கால்பந்தில் தங்கம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் யார்னு கேட்டுப் பாருங்க. இந்தியா கால்பந்தில் தங்கம் வாங்கியிருக்கான்னு நம்மையே திருப்பிக் கேட்பாங்க.

வாங்கியிருக்கு. அதுவும் இரண்டு தடவை. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி, 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. நடுவில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இந்த மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள்தான். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சையத் அப்துல் ரஹீம். அஜய் தேவ்கன் நடித்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 2024-ல் வந்த மைதான் இந்திப் படம் இவருடைய கதைதான். படத்தில் சினிமாவுக்காகக் கொஞ்சம் கற்பனை கலந்திருக்கு. அந்தக் கலப்பு இல்லாமல், நடந்தது என்ன என்று பார்ப்போம்.

பாடம் நடத்தத் தெரிந்தவர்

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17. நிஜாம் ஆட்சி நடந்துகொண்டிருந்த ஹைதராபாத். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், பல்கலைக்கழக அணிக்கும் உள்ளூர் கிளப்புக்கும் ஆடினார். படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது வாத்தியார் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று நகரத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தியிருக்கிறார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி, நம்ம ஊரில் பி.டி. வாத்தியார் என்கிறோமே, அந்த வேலைக்கு மாறினார்.

இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொண்டால் அவருடைய மற்ற எல்லாமே புரியும். அந்தக் காலத்தில் கால்பந்துப் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது, இரண்டு அணியாகப் பிரித்து ஆட விடுவது, தோற்றால் திட்டுவது. அவ்வளவுதான். ரஹீம் அதை ஒரு பாடமாகப் பார்த்தார். எதை முதலில் சொல்லித் தரணும், எதை அப்புறம் சொல்லித் தரணும், ஒரு பையனுக்கு எது வராது, அதை எப்படி வரவைக்கிறது. ஒரு வாத்தியார் யோசிக்கிற மாதிரியே யோசித்தார்.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தப் பதவியை வைத்து அவர் நடத்திய போட்டிகளைக் கேட்டால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

பந்தை டிரிப்ளிங் பண்ணவே கூடாது என்று ஒரு போட்டி வைத்தார். பந்து காலுக்கு வந்ததா, உடனே இன்னொருத்தருக்குத் தள்ளிவிடணும். இரண்டு பேரை ஏமாற்றி மூன்றாவது ஆளிடம் பறிகொடுக்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. இன்னொன்று, வராத காலுக்கான போட்டி. வலது கால் பழக்கம் உள்ளவன் இடது காலால்தான் உதைக்கணும், இடது கால் பழக்கம் உள்ளவன் வலது காலால். உயரத்துக்கு வரம்பு வைத்து, குள்ளமான பசங்களுக்கு என்றே தனிப் போட்டிகளும் நடந்தன. உடம்பு பலத்தை நம்பாமல் மூளையையும் காலையும் நம்பி ஆடுகிற சிறுவன் அங்கேதான் கண்ணில் படுவான்.

இதற்கெல்லாம் தேவைப்பட்டது ஒரு பந்தும் ஒரு விசிலும் மட்டும்தான். வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம், புல்தரையும் வேண்டாம்.

போலீஸ்காரர்களின் அணி

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அப்போது இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்றால் ஊரே திரளும். தெற்கே இருந்து ஒரு போலீஸ் அணி வந்து அவர்களை ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டே டூரண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானைத் தோற்கடித்தது ஹைதராபாத் போலீஸ். பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950-லிருந்து 1954 வரை தொடர்ந்து 5 வருஷம் தூக்கியது. 1956, 1957 இரண்டு வருஷமும் சந்தோஷ் டிராபி ஹைதராபாத் மாநில அணிக்கே போனது.

இந்தச் சமயத்தில் தமிழ்நாட்டுக் கணக்கையும் ஒரு வரி சொல்லிவிடலாம். அதே டூரண்ட் கோப்பையை 1955-லும் 1958-லும் வென்றது குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் ராணுவ அணி. அந்த அணியில் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்ற பீட்டர் தங்கராஜ் நம்ம கதையில் பின்னாடி வருவார்.

1951 டெல்லி: முதல் தங்கம்

முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்தது. சுதந்திரம் வாங்கி நாலு வருஷம் கூட ஆகவில்லை. ரஹீமின் அணிக்கு சைலன் மன்னா கேப்டன். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0 என்று ஜெயித்து இறுதிக்கு வந்தது இந்தியா. மார்ச் 10-ம் தேதி ஈரானோடு இறுதி ஆட்டம். பிரதமர் நேரு பார்த்துக்கொண்டிருக்க, சாஹு மேவாலால் அடித்த ஒரே கோலில் இந்தியா ஜெயித்தது.

எல்லாம் நல்லபடியாகப் போச்சு. அடுத்த வருஷம்தான் அடி விழுந்தது.

ஹெல்சிங்கி: 1-10

1952 ஒலிம்பிக் நடந்த இடம் பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கி. ஜூலை 15-ம் தேதி யூகோஸ்லாவியாவுடன் ஆட்டம். பாதி நேரத்தில் 0-5. முழு நேரத்தில் 1-10. கடைசி நிமிஷங்களில் அகமது கான் அடித்த ஒரு கோல்தான் மிச்சம்.

இந்திய வீரர்கள் பலர் அப்போது பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலில் ஆடினார்கள். அது வறுமை மட்டும் இல்லை, பழக்கமும் கூட. காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து நன்றாகக் கட்டுப்படும். கரிசல் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், ஒரு மழை பெய்தால் காலில் கிலோ கணக்கில் அப்பிக்கொள்ளும். காய்ந்த மண்ணில் ஓடிய கால் ஈர மண்ணில் ஓடாது. ஹெல்சிங்கியில் குளிரும் சேர்ந்துகொண்டது. எதிரே நின்றது சாதாரண அணியும் இல்லை. யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் இறுதி வரை போய் வெள்ளி வாங்கியது.

இங்கே ஒரு பழைய கதையைத் திருத்தியாக வேண்டும். 1950-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவு. இந்தியா போகவில்லை. வெறுங்காலில் ஆட ஃபிஃபா அனுமதிக்காததால்தான் போகவில்லை என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கு. அது முழு உண்மை இல்லை. அன்றைய நம் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிசு, உலகக் கோப்பை பெரிய விஷயமாகவே படவில்லை. கப்பல் பயணமும் நீளம். அந்த வாய்ப்பு அப்படியே போனது, அதற்குப் பிறகு இன்று வரை வரவில்லை.

ஹெல்சிங்கி தோல்விக்குப் பிறகு இந்திய அணிக்கு பூட்ஸ் கட்டாயமானது. எல்லோரும் காலணியைப் பற்றியே பேசினார்கள். ரஹீமுக்கு மட்டும் காலணிக்கு மேலே வேறொரு கோளாறும் தெரிந்தது. ஆட்டத்தின் அமைப்பே பழசாகிவிட்டது.

2-3-5 என்றால் என்ன? 4-2-4 என்றால் என்ன?

கால்பந்தில் கோல்கீப்பரை விட்டுவிட்டு மீதி 10 பேரை எப்படி நிறுத்துவது என்பதுதான் இந்த எண்களின் கணக்கு. வெள்ளைக்கார ராணுவத்திடம் நாம் கற்றுக்கொண்டது 2-3-5. பின்னால் 2 பேர், நடுவில் 3 பேர், முன்னால் 5 பேர். கேட்க அழகாக இருக்கும், 5 பேர் முன்னால் நின்றால் கோல் மழைதானே என்று தோன்றும். ஆனா பந்து எதிரணியிடம் போய்விட்டால் பின்னால் இருக்கும் இரண்டு பேர் பாடு திண்டாட்டம். ஹெல்சிங்கியில் நடந்ததும் அதுதான்.

1953 நவம்பரில் ஹங்கேரி அணி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று துவைத்து எடுத்தது. அவர்களின் சென்டர் ஃபார்வர்டு ஹிடெகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்து ஆடினார். அவரைப் பிடிக்க இங்கிலாந்து பேக் கூடவே இறங்கினால் பின்னால் ஓட்டை, இறங்காவிட்டால் ஹிடெகுட்டி தன் இஷ்டத்துக்கு ஆடுவார். இரண்டு பக்கமும் சிக்கல். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் இதை உட்கார்ந்து படித்தார்கள். அப்படிப் படித்தவர்களில் ஹைதராபாத் வாத்தியாரும் ஒருத்தர். முன்வரிசையிலிருந்து ஆளைக் கீழே இறக்கி ஆடும் முறையை அவர் இந்திய அணியில் கொண்டுவந்தார். பின்னால் 4, நடுவில் 2, முன்னால் 4 என்ற 4-2-4 முறைக்குப் போகும் பாதை அது.

உலகத்துக்கு 4-2-4 என்றால் பிரேசில். 1958 உலகக் கோப்பையை ஸ்வீடனில் வென்ற அணி, இறுதியில் 5-2, பெலேவுக்கு 17 வயசு. அந்த அணியின் பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா. அவரும் ரஹீமும் ஒரே வயசுக்காரர்கள், இரண்டு பேரும் பிறந்தது 1909-ல். இங்கிலாந்துடன் 0-0 என்று டிரா ஆன பிறகு, அடுத்த சோவியத் ஆட்டத்தில் பெலேயையும் கரிஞ்சாவையும் இறக்கிவிட்டவர் ஃபியோலா. கையில் அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தால் யாரும் ஜெயிப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனா அவர்களை எப்போது, எங்கே நிறுத்துவது என்று முடிவு பண்ண ஒருத்தர் வேணும்.

பிரேசிலுக்கு முன்பே ரஹீம் 4-2-4 ஆடிவிட்டார் என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர்தான் கண்டுபிடித்தார் என்கிற அளவுக்குப் போவது ஓவர். ஹங்கேரியிலும் பிரேசிலிலும் அந்தக் காலத்தில் பலர் அதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். டிவி இல்லாத காலத்தில், வெளிநாட்டுப் பயிற்சி எதுவும் இல்லாமல், ஹைதராபாத்தில் இருந்துகொண்டே அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் ரஹீமின் பெருமை. அது போதாதா?

1956 மெல்போர்ன்: யாரும் எதிர்பார்க்காத நான்காம் இடம்

முதல் சுற்றில் இந்தியா மோத வேண்டியது ஹங்கேரியுடன். நாட்டில் நடந்த கலவரத்தால் ஹங்கேரி வரவில்லை, இந்தியா ஆடாமலேயே காலிறுதிக்குப் போனது. இதைக் காட்டி அந்த நான்காம் இடமே அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனா காலிறுதியில் எதிரே இருந்தது போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா, அதுவும் அவர்கள் மண்ணில். 4-2 என்று இந்தியா ஜெயித்தது. நெவில் டிசோசா 3 கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். நான்காவது கோல் கிட்டு என்று கூப்பிடப்பட்ட கிருஷ்ணசாமி அடித்தது. இதுவும் அதிர்ஷ்டமோ என்று ஆஸ்திரேலியர்களுக்குச் சந்தேகம் இருந்திருந்தால், ஒலிம்பிக் முடிந்ததும் சிட்னியில் நடந்த நட்பு ஆட்டம் அதைத் தீர்த்துவைத்தது. 7-1, இந்தியாவுக்கு.

அரையிறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. நாலு வருஷம் முன்னாடி 10 கோல் போட்ட அதே நாடு. பாதி நேரம் வரை 0-0. இடைவேளை முடிந்து ஏழாவது நிமிஷத்தில் டிசோசா கோல் அடித்தார், இந்தியா 1-0 என்று முன்னிலை! சில நிமிஷங்கள்தான் நிலைத்தது. யூகோஸ்லாவியா அடுத்தடுத்து அடித்து 4-1 என்று முடித்தது. அதில் ஒன்று நாமே நம் வலைக்குள் போட்டுக்கொண்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3.

தோற்றார்கள்தான். ஆனா 1-10க்கும் 1-4க்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நாலு வருஷத்தில் கடக்க வைத்திருக்கிறார் ஒரு பயிற்சியாளர். அந்த அணியில் துளசிதாஸ் பலராம் என்று 20 வயசுப் பையன் ஒருவர் இருந்தார். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஏழைக் குடும்பம். ரஹீமின் கண்ணில் பட்டு வந்தவர். பிறகு பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பேரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தியக் கால்பந்தைப் பற்றிப் பேச முடியாது என்ற நிலை வந்தது.

1960 ரோம்: எதிரே பெரு

ரோம் ஒலிம்பிக்கில் கிடைத்த பிரிவைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. பி.கே.பானர்ஜி கேப்டன், கோலில் பீட்டர் தங்கராஜ். தமிழ்நாட்டிலிருந்து சைமன் சுந்தர்ராஜும் அணியில் இருந்தார். இவர்தான் பின்னாளில் பயிற்சியாளராகி 1973-ல் கேரளாவுக்கு அதன் முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தவர்.

ஹங்கேரியிடம் 1-2. ஹங்கேரிக்காக ஒரு கோல் அடித்த ஃப்ளோரியன் ஆல்பர்ட் 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கினார் என்றால் எதிரணியின் தரம் புரியும். நம் பக்கம் கோல் பலராமுடையது. பிரான்ஸுடன் 1-1. பானர்ஜி அடித்து இந்தியா முன்னால் இருந்தது, கடைசிக் கட்டத்தில்தான் பிரான்ஸ் சமன் செய்தது. தென் அமெரிக்க அணியோடு ரஹீமின் இந்தியா ஒலிம்பிக்கில் மோதியது பெருவுடன் மட்டும்தான், அதில் 1-3 தோல்வி. பிரிவைத் தாண்ட முடியவில்லை. இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி. அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் தகுதி பெறவில்லை.

1962 ஜகார்த்தா: உடம்புக்கு முடியாத பயிற்சியாளர், ஊரே எதிரான அணி

நடுவில் 1954 மணிலா, 1958 டோக்கியோ என்று இரண்டு ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்குப் பதக்கம் இல்லை. 1962-ல் ஜகார்த்தா. ரஹீமின் நுரையீரலில் புற்றுநோய். இருமலோடுதான் பயிற்சி கொடுத்தார்.

முதல் ஆட்டமே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தார்கள், ஆனா அந்த ஆட்டத்தில் தடுப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாகிவிட்டது. கோல்கீப்பர் தங்கராஜுக்கும் உடம்பு சரியில்லாமல் போய், பிரத்யுத் பர்மன் கோலில் நின்றார். ஜப்பானை 2-0 என்று தாண்டினார்கள்.

இதற்கிடையே மைதானத்துக்கு வெளியே வேறொரு பிரச்னை பெரிதாகிக்கொண்டிருந்தது. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. ஆசியப் போட்டிகளைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்திய நிர்வாகி ஜி.டி.சோந்தி இதைக் கடுமையாக எதிர்த்தார். இப்படி நடத்துவதற்கு ஆசியப் போட்டி என்ற பெயரே பொருந்தாது என்கிற வரைக்கும் போனார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் எங்கே போனாலும் கூச்சல். டர்பன் கட்டிய ஜர்னைல் சிங் வெளியே தெரிந்தால் கல் விழும் என்று பஸ்ஸில் குனிந்து உட்கார்ந்தே போனார் என்று அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அரையிறுதியில் தென்வியட்நாம். ரஹீம் இங்கே ஒரு முடிவு எடுத்தார். தலையில் தையலோடு இருப்பவரைத் தடுப்பில் நிறுத்தினால் வருகிற ஒவ்வொரு உயரப் பந்தையும் தலையால் முட்ட வேண்டியிருக்கும், ஒரு தவறு நேர்ந்தால் கோல். அப்படியென்றால் வெளியே உட்கார வைப்பதா? ரஹீம் அவரை முன்னால் அனுப்பினார். இந்தியாவின் சிறந்த சென்டர் பேக் ஒரே ராத்திரியில் சென்டர் ஃபார்வர்டு ஆனார். பார்த்தவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும். ஜர்னைலுக்கு இளம் வயதில் முன்வரிசையில் ஆடிய பழக்கம் உண்டு என்பது ரஹீமுக்குத் தெரியும். தன் மாணவனுக்கு எது வரும் எது வராது என்று குறித்து வைத்திருக்கும் வாத்தியார் எடுத்த முடிவு அது. ஜர்னைல் கோல் அடித்தார், இந்தியா 3-2 என்று ஜெயித்தது.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடி தென்கொரியா. முந்தின நாள் ராத்திரி ரஹீம் வீரர்களைக் கூட்டி வைத்து, தனக்கு ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கம் என்று மட்டும் கேட்டாராம். தன் உடம்பு நிலைமை அவருக்குத் தெரியும். வீரர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கணும்.

செனாயன் மைதானத்தில் சுமார் 1 லட்சம் பேர். கிட்டத்தட்ட அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள். ஆதரவாகக் கைதட்டிய ஒரு சின்னக் கூட்டம் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி. கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரம் ஹாக்கி பூமி, அதனால் இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். அதே ஜகார்த்தாவில் ஹாக்கி இறுதியில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள்தான் அவர்கள். நாம் தங்கம் எதிர்பார்த்த ஹாக்கியில் தோற்றோம். நம்மைத் தோற்கடித்தவர்களே கால்பந்து மைதானத்துக்கு வந்து நமக்காகக் கத்தினார்கள்.

தங்கராஜ் எழுந்து வந்து கோலில் நின்றார். 17-வது நிமிஷம் பி.கே.பானர்ஜி கோல். மூன்றே நிமிஷத்தில் ஜர்னைல் சிங் கோல். 2-0. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. 85-வது நிமிஷத்தில் கொரியா ஒன்று போட்டது. கடைசி 5 நிமிஷமும் எப்படியோ கடந்தது. 2-1. முதல் ஆட்டத்தில் தங்களைத் தோற்கடித்த அணியையே இறுதியில் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள் சுனி கோஸ்வாமியின் பசங்க.

அதற்குப் பிறகு

சுமார் 9 மாதம்தான். 1963 ஜூன் 11-ம் தேதி ரஹீம் இறந்துபோனார். வயசு 53.

இந்திய அணி உடனே சரிந்துவிடவில்லை. 1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம். அந்த அணியின் கேப்டன் சையத் நயீமுதீனும், முன்வரிசையில் இருந்த முகமது ஹபீபும் ஹைதராபாத்காரர்கள். ரஹீம் நட்டதன் கடைசி அறுவடை என்றே அதைச் சொல்லலாம். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கமும் அதுதான்.

பூட்ஸ், மைதானம், பணம் என்று ஆயிரம் காரணம் சொல்லப்படுகிறது. எல்லாம் உண்மைதான். ஆனா 1950-களில் இவற்றில் எதுவுமே அதிகமாக இருக்கவில்லை. அப்போது இருந்து இப்போது இல்லாமல் போனது, பத்து வயசுப் பையனில் தொடங்கி தேசிய அணி வரைக்கும் ஒரே பாடத்தைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்த ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஒரு மனுஷனின் தலைக்குள் இருந்தது. சங்கம் அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளவில்லை. பி.கே.பானர்ஜி மாதிரி மாணவர்கள் பயிற்சியாளர்களாகி முடிந்தவரை எடுத்துப் போனார்கள். ஆனா வராத காலுக்கான போட்டியும் டிரிப்ளிங் இல்லாத போட்டியும் நாடு முழுக்கப் பரவவே இல்லை.

ரஹீமிடம் படித்தவர்களில் ஆல்பர்ட்டோ ஃபெர்னாண்டோ என்று ஒரு பயிற்சியாளர் உண்டு. 1964-ல் அவர் பிரேசிலுக்குப் பயிற்சியாளர்களுக்கான வகுப்புக்குப் போனார். இரண்டு உலகக் கோப்பை அடுத்தடுத்து வாங்கிய நாடு, அங்கே என்னதான் ரகசியம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசையோடுதான் போயிருப்பார். திரும்பி வந்து அவர் சொன்னது, அங்கே 1964-ல் சொல்லித் தந்ததை ரஹீம் தனக்கு 1956-லேயே சொல்லித் தந்துவிட்டார் என்பது.

விருது? பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது தொடங்கியதே 1985-ல். ரஹீம் இறந்து 22 வருஷம் கழித்து. அவருடைய மகன் சையத் ஷாஹித் ஹகீம் 1960 ரோம் அணியில் இடம்பெற்றவர், ஆனா அங்கே ஒரு ஆட்டத்திலும் களம் இறங்கவில்லை. பயிற்சியாளர் அப்பாதான். ஹகீம் விமானப்படையில் வேலை பார்த்தார், சர்வதேச நடுவரானார், 2017-ல் தியான்சந்த் விருது வாங்கினார். அப்பாவைப் பற்றிப் படம் எடுக்க ஆரம்பித்தபோது உயிரோடு இருந்தார். 2021 ஆகஸ்டில் அவரும் காலமானார். படம் தியேட்டருக்கு வந்தது 2024 ஏப்ரலில்.